நடுச்சுவருக்கு இந்தப் பக்கம்

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 25 வந்துவிட்டால், பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாளையொட்டி டெல்டா ஊர்களிலும் பேரணி போகிறது, உறுதிமொழி வாசிக்கப்படுகிறது, டிசம்பர் 10 வரை கல்லூரிகளில் கருத்தரங்குகள் நடக்கின்றன. இங்கே அது அடைமழைக் காலம். குடையும் பதாகையுமாக மாணவிகள் கடைத்தெருவில் நடந்துபோகிற நேரத்தில், யாருக்காக அந்தப் பதாகை எழுதப்பட்டதோ அவர்களில் பலர் சம்பா வயலில் முதுகு குனிந்து களையெடுத்துக்கொண்டிருப்பார்கள். பேரணி நடத்துகிறவர்களின் அக்கறையை நான் குறைத்துப் பேசவில்லை. என் மனத்தாங்கலெல்லாம் பதாகையின் வாசகத்தைப் பற்றியது. பெண்ணே பேசு, பெண்ணே துணிந்து வா என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கிறார்கள். அடிபடுகிறவள் பேசாமல் இருந்தாள் என்று யார் சொன்னது?

குத்தாலம் பக்கத்தில் நான் வளர்ந்த தெருவில் எல்லாம் ஓட்டு வீடுகள். இரண்டு வீட்டிற்கு ஒரு நடுச்சுவர். அங்கே தாளிக்கும் கடுகு வெடிப்பது இங்கே கேட்கும். 1990களின் நடுவில் அடுத்த வீட்டு அக்காவின் வீட்டிலிருந்து, இரவுச் சாப்பாட்டு நேரம் தாண்டி, முதலில் குடம் உருளும் சத்தம் வரும், பிறகு அவர் கணவரின் குரல் வரும், பிறகு அக்காவின் குரல் வரும். அப்போதெல்லாம் என் அம்மா எழுந்துபோய் எங்கள் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவைப்பார். பிள்ளைகள் காதில் விழக்கூடாது என்பது அவர் எண்ணம். ஆனால் சத்தத்தைக் கூட்டும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு மார்கழிக் காலையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். மார்கழி முழுக்க வாசலை அடைத்துப் புள்ளி வைத்துக் கோலம் போடுகிற அந்த அக்கா, அன்று ஐந்து புள்ளியில் ஒரு சின்னக் கோலத்தைப் போட்டிருந்தார். இழை ஒரே சீராக இல்லை, மாவு திட்டுத் திட்டாக விழுந்திருந்தது. வலது மணிக்கட்டு வீங்கியிருந்ததால் இடது கையால் போட்டிருக்கிறார். தெருவில் ஒருவர் விடாமல் பார்த்தோம். "என்ன, இன்னிக்குக் கோலம் சின்னதாப் போயிடுச்சு?" என்று எதிர்வீட்டு மாமி கேட்டார், எங்கள் தெரு கேட்டது அவ்வளவுதான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். யார் வீட்டுப் பெண் யாரோடு பேசினாள் என்பதை மூன்று தெருவுக்குக் கொண்டுபோகிற அந்த வாய், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் "அது அவங்க குடும்ப விவகாரம்" என்று தானாகவே மூடிக்கொள்கிறது.

2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் இருக்கும் மணமான பெண்களில் 38 சதவீதத்தினர் கணவரின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள்; நாடு முழுவதற்குமான சராசரி 29 சதவீதம்தான். கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னே நிற்கிறோம் என்று பெருமைப்பட்டுக்கொள்ளும் மாநிலம் இது. நாடு முழுவதும் அடியையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்த பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம் மட்டுமே என்றும் அதே கணக்கெடுப்பு சொல்கிறது. இந்த 14ஐப் பார்க்கிறவர்கள் மற்றவர்களுக்குத் துணிச்சல் இல்லை என்று முடிவுகட்டுகிறார்கள். கேட்டால் கிடைக்காது என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் கேட்காமல் இருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? பிறந்த வீட்டிற்கு வந்தால் இரண்டு நாள் சோறு போட்டு, "தங்கச்சி கல்யாணம் இருக்கு, கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று புடவையும் பழமும் வைத்துக் கொடுத்துக் கொண்டுபோய் விட்டுவருகிறார்கள். ஊர்ப் பஞ்சாயத்திற்குப் போனால் அவனுக்கு நாலு திட்டு, சில இடங்களில் அபராதம். பணம் கோயில் கணக்கில் சேர்கிறது, அவள் மறுபடி அதே வீட்டில் சேர்கிறாள். என் உறவில் ஒரு பெண் புகார் கொடுக்கப் போன காவல் நிலையத்தில், கணவனிடம் இனி அடிக்கமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு இருவரையும் ஒரே பைக்கில் அனுப்பிவைத்தார்கள். சமாதானம் பேசி வைத்த எல்லோரும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 4ஆவது பிரிவைத்தான் ஊர் ஊராகச் சுவரில் எழுதவேண்டும் என்பேன். வன்முறை நடந்தது என்றோ நடக்கப்போகிறது என்றோ நம்புவதற்குக் காரணம் உள்ள யார் வேண்டுமானாலும், இந்தச் சட்டத்தின்கீழ் அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்த தகவலுக்காக அவர்மீது வழக்கு எதுவும் வராது. அதாவது, அடுத்த வீட்டுக்காரர் தலையிடுவதற்குச் சட்டமே இடம் வைத்திருக்கிறது. இதே சட்டத்தின் 17ஆவது பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை அவளுக்குத் தருகிறது; வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் இந்த உரிமை உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்திவிட்டது. வழக்கு நடத்தப் பணம் இல்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருகிறது.

போக்கிடம் என்று ஒன்று இருந்தால் அடி குறைகிறது என்பதற்குச் சான்றும் இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பொருளியல் அறிஞர் பீனா அகர்வால், பிரதீப் பாண்டாவுடன் சேர்ந்து செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், சொத்து ஏதும் இல்லாத பெண்களில் 49 சதவீதத்தினரும், நிலமும் வீடும் தம் பெயரில் வைத்திருந்த பெண்களில் 7 சதவீதத்தினரும் கணவரிடம் அடிவாங்கியதாகச் சொன்னார்கள். நம் நாகை மாவட்டத்தில் காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் நிலமற்ற குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தபோது பெண்கள் பெயரில்தான் பதிவுசெய்யவேண்டும் என்று பிடிவாதமாக நின்றதன் அருமை, இந்த எண்களோடு சேர்த்துப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. (குடிதான் காரணம், டாஸ்மாக்கை மூடினால் சரியாகிவிடும் என்று எழுத வருகிறவர்களுக்கு: கடையை மூடுவதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் எவ்வளவு குடித்திருந்தாலும் அவன் தன் பண்ணைக்காரரைக் கைநீட்டி அடித்ததை நான் பார்த்ததில்லை.)

2008இல் ‘பிரேக்த்ரூ’ என்ற அமைப்பு இந்தியாவில் தொடங்கிய ‘பெல் பஜாவோ’ (மணியை அடி) இயக்கம், அடுத்த வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டால் போய் அழைப்பு மணியை அடியுங்கள் என்று ஆண்களைப் பார்த்துச் சொன்னது. போன மாதம் எங்கள் தெரு மகளிர் குழுக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். நான் பிரிவுகளைச் சொல்லி முடித்ததும் ஒருவர், "நாளைக்கு அவன் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னா நீங்க வருவீங்களா தம்பி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர்களே பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: தனியாகப் போகவேண்டாம், மூன்று பேராகக் கிண்ணத்தோடு போய்க் கதவைத் தட்டி உறைமோர் கேட்பது. இரவு ஒன்பது மணிக்கு உறைமோர் கேட்பதில் யாருக்கும் சந்தேகம் வராது, பால் காய்ச்சி உறைகுத்துகிற நேரமே அதுதான் என்று ஒரு பாட்டி விளக்கினார். எல்லோரும் சிரித்தார்கள்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த என் அம்மா, "கதவத் தொறக்கலன்னா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. குழுச் செயலாளர் தீர்மானப் புத்தகத்தின் பின்னட்டையில் பெண்கள் உதவி எண்ணான 181 என்றும், அதற்குக் கீழே மாவட்டப் பாதுகாப்பு அலுவலரின் எண்ணையும் பெரிதாக எழுதினார். அம்மா தன் பட்டன் போனை என்னிடம் நீட்டி, இரண்டையும் போட்டுக் கொடுக்கச் சொன்னார்.