ரேடியேட்டர்ல என்ன ஊத்துனாங்கன்னு யாராவது கேட்டீங்களா?

சத்தியமங்கலம் பக்கம் திம்பம் மலை ஏத்தத்துல பானட்டைத் தூக்கி வெச்சு ஆவி கக்கிட்டு நின்ன அந்தக் கார் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீங்க. கீழே பாதிப் பேர் எழுதுனது, "இந்தக் கம்பெனி வண்டி வாங்குனா இப்படித்தான்." பொண்டாட்டி புள்ளையோட ரோட்டோரம் நிக்கிற மனுசனைப் பார்த்துச் சிரிப்பு வேற. ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை.

லோகோவைப் பார்த்தே இன்ஜின் ஏன் சூடாச்சுன்னு தீர்ப்புச் சொல்லிட்டீங்க. ரேடியேட்டர்ல என்ன ஊத்தியிருந்தாங்கன்னு ஒருத்தர் கேட்கலை.

ஃபியட்டோட 1248 சிசி மல்ட்டிஜெட் டீசல் இன்ஜினை எடுத்துக்குங்க. ஸ்விஃப்ட், டிசையர்ல அதுக்குப் பேரு டிடிஐஎஸ். டாடா விஸ்டாவுல குவாட்ராஜெட். ஃபியட் புன்டோவுல மல்ட்டிஜெட். மாருதிக்குப் பெரும்பாலும் மானேசர்லயும் டாடா, ஃபியட்டுக்குப் புனே பக்கம் ரஞ்சன்காவ்லயும் செஞ்சாங்க. அடிப்படையில ஒரே இன்ஜின். "ஸ்விஃப்ட் டீசலை அடிச்சுக்க ஆளில்லை"ன்னு சொன்ன அதே வாய்தான் "விஸ்டாவா, தலைவலி"ன்னும் சொல்லுச்சு.

அப்பா 2011-ல ஒரு வண்டி வாங்குனார். கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னா அதைப் பிடிச்சுக்குவீங்க. மூணாவது வருசம் இதே திம்பத்துல, 27 கொண்டை ஊசி வளைவுல பாதி கூட ஏறலை, டெம்பரேச்சர் முள்ளு சிவப்புக்குப் போயிருச்சு. "அப்பவே சொன்னனே மாமா, இந்தக் கம்பெனி வேண்டாம்னு"ன்னார் மச்சான். அப்பா ஒரு வார்த்தை பேசலை.

சத்தியில மெக்கானிக் அண்ணன் ஆயில் மூடியைக் கழட்டி உள்பக்கம் காட்டுனார். பால்காப்பி நுரை மாதிரி அப்பியிருந்துச்சு. இன்ஜினோட மேல்பாகமான ஹெட்டுக்குக் கீழே தண்ணியும் ஆயிலும் கலக்காம அடைக்கிற தகடு, அதான் ஹெட் கேஸ்கட், அது போய்த் தண்ணி ஆயில்ல கலந்துருச்சு. ரேடியேட்டரைப் பிரிச்சா, வெந்நீர் அண்டாவோட அடியில படியற மாதிரி வெள்ளை வெள்ளையா உப்பு. "கூலன்ட்டுங்களா, போர் தண்ணிங்களா?"ன்னு கேட்டார். போர் தண்ணிதான், ரெண்டு வருசமா. கூலன்ட் இருந்தா துரு பிடிக்காது, கொதிநிலையும் ஏறும். உப்புத் தண்ணி ஊத்துனா குழாய் அடைச்சு, சூடு வெளியே போகாம அலுமினிய ஹெட்டு வளைஞ்சுரும். எந்தக் கம்பெனி அலுமினியமா இருந்தாலும் வளையும்.

"அப்போ கம்பெனி மேல தப்பே இல்லையா"ம்பீங்க. இருக்கு. டகாடாங்கற ஜப்பான் கம்பெனி செஞ்ச ஏர்பேக் கோளாறுக்காக ஹோண்டா, டொயோட்டான்னு உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வண்டியைத் திரும்பக் கூப்பிட்டாங்க. நீங்க கண்ணை மூடிட்டு நம்பற அதே பேருங்கதான். ஸ்பேர் கிடைக்க மாசக்கணக்குல அலையறதும் உண்மை, அது வேற குறை.

"என் வண்டி ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிருச்சு, ஒண்ணும் ஆகலை"ம்பாங்க சில பேர். சந்தோசம். நேரத்துக்கு ஆயில் மாத்துனது நீங்க. அந்த நல்ல பேரை எதுக்கு லோகோவுக்குத் தூக்கிக் குடுக்கறீங்க?

வளைஞ்ச ஹெட்டைச் சமமா இழைச்சு, புது கேஸ்கட் போட்டு, கூலன்ட் ஊத்துன அப்புறம் அந்த வண்டி ஒரு தடவை கூட சூடாகலை. ஆனா கல்யாணம், காதுகுத்துன்னு எங்க போனாலும் "வழியில நின்னுருச்சாமே"ன்னு கேட்டுக் கேட்டு, அப்பா அதை வந்த விலைக்கு வித்துட்டார். அதுக்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

மச்சான், நீங்க இதைப் படிப்பீங்கன்னு தெரியும். அன்னிக்கு அந்த வளைவுல நானும் வாயைத் திறக்கலை. போர் தண்ணி ஊத்துனது அப்பா இல்லை. நான்.