சர்வீஸ் புக்கைக் கேட்டால் மட்டும் ஏன் முழிக்கிறார்கள்?

வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் பழைய கார் விற்கிற கடைகளில் எதைக் கேட்டாலும் பதில் இருக்கிறது, சர்வீஸ் ரெக்கார்டைக் கேட்டால் மட்டும் "ஓனர் தொலைச்சிட்டாருண்ணே, வண்டி கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க" என்கிறார்கள். பாலிஷ் போட்டால் எதுதான் மின்னாது? புக் தொலையட்டும், கம்பெனி சர்வீஸுக்குப் போன வண்டி என்றால் எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், என்ன மாற்றினார்கள் என்று அங்கே கம்ப்யூட்டரிலேயே இருக்குமே, ஓனரிடம் வண்டியை வாங்கும்போதே அவரை விட்டு அதை எடுத்து வைத்தால் என்ன கேடு? மீட்டரைத் திருப்பியிருந்தாலும் அதிலேயே மாட்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் இந்தப் பக்கம் கார்கள் தண்ணீரில் நின்ற கதை ஊருக்கே தெரியும். சீட் கவரை மாற்றிவிடலாம், வயரிங்கில் ஏறிய துரு அப்புறம் மெதுவாகத்தான் வேலையைக் காட்டும். இன்ஜினில் வால்வையும் பிஸ்டனையும் தாளம் தப்பாமல் ஓடவைக்கிற டைமிங் பெல்ட் உள்ள வண்டி என்றால் இன்னும் மோசம்: எப்போது மாற்றியது என்றே தெரியாமல் ஓட்டி, மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அது அறுந்தால், பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினையே பிரிக்க வேண்டியதுதான். சரி, ரெக்கார்டைப் பார்க்காமல் அட்வான்ஸ் தரமாட்டேன் என்றால், "என்னண்ணே, நம்பிக்கை இல்லியா?"

இல்லைதான்.