நோ காஸ்ட் இஎம்ஐயிலும் வட்டி உண்டு
"நோ காஸ்ட் இஎம்ஐல வட்டியே கிடையாது, யோசிக்காம வாங்குங்க" என்று கூடுதல் செலவில்லாத மாதத் தவணை எனச் சொல்லப்படும் இந்தத் திட்டத்தைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். தப்பு. பூஜ்ய வட்டி என்று ஒன்றே இல்லை என 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டித் தொகையை விலையில் தள்ளுபடியாகக் கழிக்கிறார்கள், அவ்வளவுதான்.

60,000 ரூபாய் போன், கிரெடிட் கார்டில் 6 மாதத் தவணை, ஆண்டு வட்டி 16% என்று வையுங்கள். கார்டில் ஏறும் அசல் சுமார் 57,297, வட்டி 2,703. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி 487 ரூபாய் உங்கள் தலையில்தான். பிராசஸிங் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. ஆக 722 ரூபாய் கூடுதல் (விற்பவர் தானாக வாய் திறக்க மாட்டார்). பல கடைகளில் மொத்தப் பணத்துக்குத் தரும் தள்ளுபடியும் இதில் போய்விடும்.

"இப்பவே முழுசா கட்டினா என்ன விலை?" என்று கேட்டு, பில் போடாமல் வீட்டுக்கு வந்து இரண்டையும் கணக்குப் போடுங்கள்.