மலை தெரியாத நாளில் மலையேற்றமா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் ஊரிலிருந்து பார்த்தால் குனோங் ஜெராய் மலையின் உச்சியே தெரியவில்லை, அவ்வளவு பனிமூட்டம். இந்த நேரத்தில் சிலிப்பர் போட்டுக்கொண்டு மதியம் 2 மணிக்கு ஏறுகிறார்கள். என்னங்க இது! மலை 1,217 மீட்டர். ஏழரைக்குச் சூரியன் மறைந்தாலும் காட்டுக்குள் முன்னதாகவே இருட்டிவிடும். நெற்றியில் கட்டிய விளக்கு பனியில் பட்டுக் கண்ணிலேயே திருப்பி அடிக்கும்; கழற்றி இடுப்பளவில் பிடித்தால்தான் வேரும் கல்லும் தெரியும். கைப்பேசி விளக்கையே நம்பினால் பேட்டரி தீர்ந்து, அவசர எண் 999-ஐக்கூட அழைக்க முடியாது. பாதையைக் காட்டும் அடுத்த குறி தெரியவில்லையா, கடைசியாகப் பார்த்த குறிக்கே திரும்புங்கள். ஓடையைப் பிடித்து இறங்கவே கூடாது. உச்சியில் பெய்த மழை, கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளமாகப் பாயும். 2021 ஆகஸ்டில் இதே அடிவாரத்தில் உயிர்கள் போயின. ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர்கள் போடும் ரப்பர் சப்பாத்து மலிவு, சேற்றில் நன்றாகப் பிடிக்கும். அதைக்கூட வாங்கிப் போடமாட்டீர்களா?