கையெழுத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது?

சென்ற ஆகஸ்ட் 15 அன்று எங்கள் ஊர்க் கிராம சபைக் கூட்டம் மாரியம்மன் கோயில் திடலில் நடந்தது. பந்தலுக்குள் ஆட்கள் முழுதாக வந்து அமர்வதற்குள் வருகைப் பதிவேடு சுற்றுக்கு வந்துவிட்டது. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் வரிசையாகக் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். என் அருகில் இருந்த, எழுபது வயதைக் கடந்த ஒரு ஆத்தா, பெருவிரல் மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "எதுக்குக் கண்ணு இந்த ரேகை?" என்று கேட்டார். "கூட்டத்துக்கு வந்ததுக்குங்க ஆத்தா" என்றேன். "இன்னும் ஒண்ணுமே பேசலையே, அதுக்குள்ள வெச்சாச்சே" என்றார்.

அவருக்கு முதியோர் உதவித்தொகை நின்று பல மாதங்கள் ஆகியிருந்தன. அதற்கு முந்தைய கூட்டத்திலேயே அதைச் சொல்லி, தீர்மானப் புத்தகத்திலும் எழுதியாயிற்று. அந்தத் தீர்மானம் எந்த மேசை வரை போனது, அங்கே யார் என்ன முடிவு எடுத்தார்கள் என்பதை அன்று அந்தப் பந்தலில் இருந்த ஒருவராலும் சொல்ல முடியவில்லை. மக்கள் பங்கேற்பைப் பற்றி நான் சொல்ல விரும்புவதெல்லாம் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. மக்களைக் கேட்பதற்கு நம்மிடம் சட்டம் இருக்கிறது; கேட்ட பிறகு அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் நடைமுறையில் இல்லை.

சட்டத்தில் பெரிய குறை இல்லை. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கிராம சபைக்கு அரசியலமைப்பிலேயே இடம் கொடுத்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அடுத்த ஆண்டே வந்தது. குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், உள்ளாட்சிகள் நாள் என்று ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் இப்போது அறிவிக்கப்பட்டுள்ளன. ஆனால் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்த பிறகு, ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பர் வரை தேர்தலே நடக்காமல், தனி அலுவலர்களைக் கொண்டு மூன்று ஆண்டுகளை ஓட்ட முடிந்த மாநிலமும் இதுதான். மக்களின் பிரதிநிதி இல்லாமலேயே ஊராட்சி நடக்கும் என்று பழகிப்போன அலுவலகம், மக்கள் இல்லாமலும் தீர்மானம் எழுதலாம் என்று நினைத்தால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

பதில் சொல்லும் கடமையை மக்கள் எப்படி வரவழைத்தார்கள் என்பதற்கு நான் எப்போதும் ராஜஸ்தானைத்தான் எண்ணிப் பார்ப்பேன். 1994 டிசம்பரில், பாலி மாவட்டத்தின் கோட் கிரானா என்ற ஊரில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு தன் முதல் பொது விசாரணையை நடத்தியது. பஞ்சம் பாதித்த அந்த வட்டாரத்தில், அரசு வேலைகளுக்குக் கொடுத்ததாக எழுதப்பட்ட கூலிக் கணக்கை ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள். தொடர்ந்து பல ஊர்களில் நடந்த விசாரணைகளில், வேலைக்கே போகாதவர்கள் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததும், கட்டாத கட்டடத்துக்குக் கணக்கு முடிக்கப்பட்டிருந்ததும் அந்தந்த ஊர்க்காரர்களின் வாயாலேயே வெளிவந்தன. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், தன் பெயர் வாசிக்கப்படும்போது எழுந்து நின்று "நான் அங்கே வேலை செய்யவில்லை" என்று சொல்ல எந்தத் தொழில்நுட்பமும் தேவைப்படவில்லை. காகிதம் அவர் காதுக்கு எட்டும்படி வாசிக்கப்பட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு அந்தப் போராட்டம் ஒரு முக்கியமான வேர். நூறு நாள் வேலையைக் கொண்டுவந்த, அதே ஆண்டின் வேலை உறுதிச் சட்டத்தில் சமூகத் தணிக்கை, அதாவது வேலைகளின் கணக்கை மக்களே சரிபார்ப்பது, கிராம சபையின் பொறுப்பாக எழுதப்பட்டதற்கும் அந்த அனுபவம் பின்னணியாக இருந்தது.

கேரளம் வேறு வழியில் போனது. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவு செய்தார்கள். பணம் கீழே வந்ததால், எந்த வாய்க்காலைத் தூர்வாருவது, எந்தச் சாலையைத் தள்ளிவைப்பது என்ற பேச்சுக்கு ஒரு பொருள் இருந்தது. வெறும் கோரிக்கையை மட்டும் கேட்கும் கூட்டத்துக்கு ஒருவர் எத்தனை முறைதான் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவார்?

நலத்திட்டங்களின் விதிகள் எழுதப்படும் இடத்துக்கும் மக்கள் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை நான் மனதார வரவேற்றேன். மாதம் 1,000 ரூபாய் ஒரு பெண்ணின் கையில் நேராகச் சேர்வதன் மதிப்பை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். ஆனால் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் பயன்படுத்தும் குடும்பத்துக்குத் தகுதி இல்லை என்ற விதியை, அறிவிக்கும் முன் பத்து ஊர்க் கிராம சபைகளில் வாசித்திருந்தால், ஒரே மீட்டரில் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் இருக்கும் வீட்டை எப்படிக் கணக்கிடுவீர்கள் என்று முதல் அரை மணி நேரத்திலேயே எவராவது ஒருவர் கேட்டிருப்பார். நிராகரிக்கப்பட்ட பிறகு மேல்முறையீடு செய்யலாம் என்பது நல்ல ஏற்பாடுதான். அது முன்கூட்டியே கேட்பதற்கு ஈடாகாது.

கேட்பது எந்த மொழியில் என்பதும் சிறிய விஷயமல்ல. 2020-இல், புதிய திட்டங்களால் சுற்றுச்சூழலுக்கு வரும் பாதிப்பை மதிப்பிடும் விதிகளின் வரைவைப் பற்றி நாடு முழுவதும் கருத்துக் கேட்டார்கள். அந்த வரைவைத் தமிழில் படிக்க வழியில்லை. அதை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிட வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. புரியாத மொழியில் கேட்கப்பட்ட கேள்விக்கு மீனவரும் உழவரும் மௌனமாக இருந்தால், அந்த மௌனத்தைச் சம்மதமாக எழுதிக்கொள்வது பெரிய அநீதி.

வருங்கால ஆட்சி கைப்பேசிக்குள் வந்துவிடும் என்கிறார்கள். வரட்டும். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்ப்பது பெரிய வசதி. ஆனால் திரையில் "நிராகரிக்கப்பட்டது" என்று மட்டும் வந்தால், அந்த ஆத்தா யாரிடம் போய்க் காரணம் கேட்பார்? கணினி எடுத்த முடிவானாலும், அதன் காரணத்தைத் தமிழில் எழுதி, பொறுப்பான ஒரு அலுவலரின் பெயரோடு, ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்காக எங்கள் ஊரில் பதினேழு பேர் கையொப்பமிட்டு ஒரு மனு கொடுத்திருக்கிறோம். சென்ற மூன்று கூட்டங்களின் தீர்மானங்களையும், ஒவ்வொன்றுக்கும் வந்த பதிலையும் முதல் பொருளாக வாசிக்க வேண்டும், வருகைப் பதிவேடு கூட்டத்தின் முடிவில் சுற்றுக்கு வர வேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறோம். ஆத்தாவின் ரேகையும் அந்த மனுவில் இருக்கிறது. இந்த முறை முழுவதையும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகுதான் வைத்தார்.