கடல் சூடாகும்போது பங்காளிச் சண்டையில் யார் ஜெயிப்பது?

கடல் சூடாவதைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "இந்த இனம் இத்தனை டிகிரி வரை தாங்கும்" என்று ஓர் எண்ணைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எண் சரிதான். ஆனால் அந்த எல்லை வருவதற்கு வெகு முன்பே பல இனங்கள் இடத்தைப் பறிகொடுத்துவிடும். பறிப்பது பக்கத்திலேயே இருக்கும் பங்காளி. ஒரே இடம், ஒரே இரை என்று வாழும் நெருங்கிய இனங்களில் வெப்பம் ஒன்றைக் கொஞ்சம் தளரவைத்தாலே போதும்.

அலைபாறைகளில் வெள்ளை ஓடாக ஒட்டியிருக்கும் கொட்டலசுகளை எடுத்துக்கொள்வோம். ஸ்காட்லாந்தின் கும்ப்ரே தீவில் நடத்திய சோதனையை சூழலியலாளர் ஜோசப் கானல் 1961-ல் வெளியிட்டார். ஒரே கல்லின் ஒரு பாதியில், தமலஸ் என்ற கொட்டலசு இனத்தை நெருக்கிக்கொண்டிருந்த செமிபலானஸ் என்ற பங்காளிக் கொட்டலசை மட்டும் அகற்றினார். மறுபாதியைத் தொடவில்லை. தொடாத பாதியில் வேகமாக வளர்ந்த செமிபலானஸ், தமலஸின் ஓட்டுக்கு அடியில் நுழைந்து அதை நெம்பியது, மேலே படர்ந்து மூடியது, பக்கவாட்டில் நசுக்கியது. அகற்றிய பாதியில் தமலஸ் பாறையின் கீழ்ப்பகுதியிலும் நன்றாகவே பிழைத்தது. கீழே இறங்கவிடாமல் தடுத்தது தண்ணீர் அல்ல, பங்காளி.

இப்போது வெப்பத்தைச் சேருங்கள். செமிபலானஸ் குளிர்கடல் இனம். தென்மேற்கு இங்கிலாந்தில் வசந்தத்தில் ஒட்டும் அதன் குஞ்சுகள் ஜூன் மாதம் சூடேறினால் பெருமளவு சாகின்றன. காலியான இடத்தில் பிறகு வரும் தமலஸ் உட்கார்ந்துகொள்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர், வெப்பம் தமலஸுக்கு நேரடியாக உதவியது என்று எழுதிவிடுவார். வெப்பநிலையை மட்டும் வைத்து வரையும் பரவல் வரைபடங்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுவே காரணம்.

வடகடலில் மிதந்து வாழும் கலானஸ் என்ற சிற்றுயிரிகளின் கதை வேறு. அவற்றில் ஃபின்மார்கிகஸ் இனம் வடக்கே பின்வாங்க, ஹெல்கோலாண்டிகஸ் இனம் பெருகியது. இதை நேரடிச் சண்டை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முன்னது பெருகுவது வசந்தத்தில், பின்னது இலையுதிர் காலத்தில். வசந்தத்தில் பொரிக்கும் காட் மீன் குஞ்சுக்கு இரை தேவைப்படும் நேரத்தில் தட்டு காலி. இரண்டையும் பிரித்தறிய நுண்ணோக்கியில் ஐந்தாம் காலின் உள்விளிம்பைப் பார்க்க வேண்டும்: நேராக இருந்தால் ஃபின்மார்கிகஸ், உட்குழிந்திருந்தால் ஹெல்கோலாண்டிகஸ். "கலானஸ்" என்று மொத்தமாக எண்ணினால் இந்த மாற்றம் கண்ணில் படாது.

இரண்டு பங்காளி இனங்களை ('அ', 'ஆ') தொட்டியில் சோதிப்பவர்களுக்கு: 'அ' 10, 'ஆ' 10 உயிரிகள் தனித்தனியாக, 'அ' 20, 'ஆ' 20 தனித்தனியாக, பிறகு 10+10 கலந்து. இந்த ஐந்தும் ஒவ்வொரு வெப்பநிலையிலும் வேண்டும். தனி 10-ஐக் கலந்த 10+10-உடன் மட்டும் ஒப்பிட்டால், பாதிப்பு பங்காளியாலா வெறும் நெரிசலாலா என்று தெரியாது. புள்ளிவிவரக் கணக்கில் ஒன்றாக எண்ண வேண்டியது தொட்டியைத்தான், உள்ளே இருக்கும் ஒவ்வோர் உயிரியையும் அல்ல. இங்கே ஏமாறுபவர்கள் நிறைய. ஒரே நாளில் சூடேற்றினால் அதிர்ச்சியைத்தான் அளப்பீர்கள். நாளுக்கு 1 டிகிரி போதும். கடல்நீரில் ஆக்சிஜன் 10 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும், 25 டிகிரியில் 7-க்கும் கீழே போய்விடும். காற்றூட்டம் சரியில்லையென்றால் மூச்சுத்திணறலைப் போட்டி என்று எண்ணிவிடுவீர்கள். சூட்டில் பசியும் கூடும். எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவு இரை போட்டால் சூடான தொட்டி பட்டினி கிடக்கும்.

மிட்டிலஸ் சிப்பிகளிலும் பங்காளி இனங்களைப் பிரித்தறிய வேண்டும், ஆனால் அதற்கு ஓட்டின் வடிவத்தை நம்பவே வேண்டாம். பாறையில் ஒட்ட உதவும் பசைப்புரதத்தின் மரபணுத் துண்டைப் பிசிஆரில் (டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் முறை) பெருக்கிப் பாருங்கள்: கேலோப்ரோவின்சியாலிஸ் இனத்துக்கு 126, ட்ராசுலஸுக்கு 168, எடுலிஸுக்கு 180 காரஇணை (டிஎன்ஏ நீளத்தின் அலகு) நீளம். இரண்டு இனங்களின் நீளங்களும் இரண்டு பட்டைகளாகத் தெரிந்தால் கலப்பினம். அதை ஒதுக்காமல் தனி வகையாகவே கணக்கில் சேருங்கள்.