ஹாரி கார்னியை விட்டுவிட்டீர்களே

அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டனின் இசைக்குழுவைப் பற்றிய உங்கள் கட்டுரையில் அதில் வாசித்த ஜானி ஹாட்ஜஸ், கூட்டி வில்லியம்ஸ் எல்லாரும் வருகிறார்கள், சரி. ஹாரி கார்னி எங்கே? 1927இல், 17 வயதில் சேர்ந்தவர். 1974இல் எலிங்டன் இறக்கும்வரை விலகவே இல்லை. மற்ற இருவரும் நடுவில் பிரிந்துபோய்த் திரும்பி வந்தவர்கள்தான்.

பாரிடோன் சாக்ஸஃபோனில் (கனத்த, தாழ்ந்த ஒலியுள்ள ஊதுகருவி) கடைசி சுரத்தைப் பிடித்தால் கார்னி லேசில் விடமாட்டார். வாயால் ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுக்கும் வித்தை. கேட்கிற நமக்குத்தான் மூச்சு முட்டும்!

ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகும்போது குழுவினர் பஸ்ஸில் போவார்கள். எலிங்டனோ கார்னியின் காரில், முன் இருக்கையில். இவர் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து மெட்டு யோசித்துக்கொண்டு வருவார். எலிங்டன் போன நாலரை மாதத்தில் கார்னியும் போய்விட்டார்.

அப்புறம், 1940களின் கடைசியில் பெரிய குழுக்கள் பலவும் செலவு தாங்காமல் கலைந்தபோது எலிங்டன் குழு எப்படித் தாக்குப்பிடித்தது என்பதையும் சொல்லியிருக்கலாம். தன் பாட்டுகளுக்கு வந்த ராயல்டி பணத்தைப் போட்டுத்தான் எலிங்டன் சம்பளம் கொடுத்தார். ஏனென்றால், புதிதாக ஒன்றை எழுதினால் உடனே குழுவை வாசிக்கவைத்துக் கேட்க வேண்டும் அவருக்கு.